களத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடு

"மேற்கு எந்தப் பக்கம் தம்பி?"

சேகோ ஆலையின் காயப்போடும் களத்தில், உச்சி வெயிலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது. களத்தின் மூலையில் ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் இவர் யாரென்று திரும்பிப் பார்த்தார்கள். நிலம் அளக்க வந்தவர் என்று நினைத்திருக்கலாம். அவர் மேஜிக் செய்பவர். ஆயுத பூஜைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

கைகாட்டினேன். மேற்கே வேலியும் அதற்கப்பால் கிழங்குக் காடும்.

"மேடையை அங்க போட்டுட்டீங்கன்னா அஞ்சரை மணிக்கு வெயில் என் முதுகுக்குப் பின்னாடி நிக்கும். பின்னாடி வெளிச்சம் வந்தா என் கைத்துணி கண்ணாடி மாதிரிங்க. குடோன் சுவரை ஒட்டிப் போடுங்க. ஆரம்பிக்கிறதும் இருட்டினப்புறம் ஆரம்பிக்கலாம்."

சுண்ணாம்புப் பொடி கேட்டு வாங்கி, குடோன் சுவரிலிருந்து அகன்றுகொண்டே போகும்படி இரண்டு கோடுகள் போட்டார். ஆட்கள் அந்தக் கோடுகளுக்கு உள்ளேதான் உட்கார வேண்டும். வெளியே ஒரு குழந்தைகூடக் கூடாது. கரகாட்டத்தையும் கூத்தையும் நாலு பக்கமும் சூழ்ந்து உட்கார்ந்து பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். இப்படிக் கோடு போட்டு உட்கார வைப்பது மரியாதைக் குறைவோ என்று எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. அவரிடமே சொன்னேன்.

"மோடி மஸ்தான்னு சொல்லுவாங்களே, அந்தக் காலத்து ஆளுங்க சுத்தி ஆளை வெச்சுக்கிட்டுத்தான் செஞ்சாங்க. அந்த ஐட்டம் வேற, அந்தக் கை வேற. நான் மேடைக்காரன். எனக்கு முன்பக்கம் மட்டுந்தான்."

இந்தக் கோட்டை நாங்கள் முந்தின வருஷமே போட்டிருக்க வேண்டும்.

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இருக்கிறது ஆட்டையாம்பட்டி. வெளியூர்க்காரர்களுக்கு அது முறுக்கு ஊர். பேருந்தை விட்டு இறங்கினால் எண்ணெய் வாசனை, கொஞ்சம் உள்ளே நடந்தால் விசைத்தறிச் சத்தம், ஊரைத் தாண்டினால் சேகோ ஆலைகள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோல் உரித்து, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் படியவிட்டு, படிந்த மாவை உருட்டி வறுத்துக் களத்தில் காயப்போட்டால் அது ஜவ்வரிசி. இந்த ஆலைகளின் சரக்கை விற்றுக் கொடுக்க 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. என் மாமா நடத்துவதும் அப்படி ஓர் ஆலைதான். நகரத்துக் கம்பெனிகள் ஓட்டல் அரங்கில் ஆண்டு விழா வைக்கின்றன. எங்கள் பக்கத்து ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஆயுத பூஜைதான் ஆண்டு விழா. அன்றைக்கு இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து, கிழங்கு உரிக்கும் பெண்கள் முதல் சரக்கெடுக்கும் வியாபாரிகள் வரை எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கிறோம். நிகழ்ச்சி ஏற்பாடு என் பொறுப்பு.

முந்தின வருஷம் வேறொரு மேஜிக் கலைஞரை அழைத்திருந்தேன். இளைஞர். போனில் தொகை பேசி, முகவரி அனுப்பியதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அவர் வந்தபோது மேடை நடுக்களத்தில் இருந்தது. பின்னால் லாரியின் மேல் ஏறி லோடுமேன்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் பிடிக்கும் மைக் ஒன்றுதான் இருந்தது. இரண்டு கையும் வேண்டிய மனிதனுக்கு ஒரு கையை நாங்களே பறித்துக்கொண்டோம். ஏழு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது, பேச்சுகள் நீண்டு எட்டேகாலுக்குத்தான் ஆரம்பித்தது. அதே நேரத்தில் பந்தியும் தொடங்கியது. பாதிப் பேர் இலைக்கு ஓடினார்கள். முன் வரிசையில் இருந்த விருந்தினர் ஒருவர் ஒவ்வொரு முறையும், "அந்தக் கையைத் திற, அந்தக் கையைத் திற" என்று கத்தினார். லாரி மேலிருந்து ஒரு குரல், "இடுப்புல இருக்குடா" என்றது. கூட்டம் சிரித்தது. கால் மணி நேரத்தில் அந்தப் பையன் பெட்டியை மூடிவிட்டார். அதைவிட மோசம் அதற்குப் பிறகு நடந்தது. முழு நேரம் செய்யவில்லை என்று தொகையைக் குறைத்துக் கொடுத்தோம். கொடுத்தவன் நான்தான். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் மறுபடி அவரைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். ஆனால் கோபப்படவில்லை. தனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரின் எண்ணைக் கொடுத்தார். அப்படித்தான் இந்தப் பெரியவர் கிடைத்தார்.

போனில் அவர் தொகையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை, என்ன பாஷை, எனக்கு முன்னால் யார் பேசுகிறார், சாப்பாடு எப்போது, பிளக் பாயிண்ட் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே போனார். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்றேன். "அப்ப பேச்சைக் குறைச்சுக்கலாம், கைவேலையைக் கூட்டிக்கலாம்" என்றார். இடத்தை வந்து பார்க்க ஒரு நாள் வேண்டும், பஸ் செலவு மட்டும் கொடுங்கள் என்றார். அந்த நாள்தான் மேலே சொன்ன மத்தியானம்.

அன்றைக்கே நெருப்பு ஐட்டங்களை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். களத்து ஓரத்தில் விரலால் தடவிப் பார்த்து, ஒட்டிய வெள்ளை மாவைக் காட்டினார். ஸ்டார்ச் தூசி காற்றில் அடர்ந்திருந்தால் ஒரு பொறி போதும் என்பது ஆலைக்காரர்களான எங்களுக்குத் தெரியும். விழா மும்முரத்தில் எங்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. புறா உண்டா என்று மாமா கேட்டார். நிகழ்ச்சிகளில் விலங்கு, பறவைகளைக் காட்டப் பதிவு செய்ய வேண்டும் என்று 2001-இல் விதி வந்தது. அதன் பிறகு தான் பறவைகளை வைத்துக்கொள்வதில்லை என்றார்.

மாமாவுக்கு ஓர் ஆசை. புதிதாக அச்சடித்த ஜவ்வரிசிப் பாக்கெட் காலிப் பெட்டியிலிருந்து வர வேண்டும், வியாபாரிகள் பார்க்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்திருந்தோம். நல்ல வேளையாக அன்றே சொன்னோம். "இன்னைக்கே பத்து பாக்கெட் குடுங்க. அளவு பார்க்கணும், எடை பார்க்கணும். கடைசி நேரத்துல குடுத்தா நான் கையில பிடிச்சுக் காட்டத்தான் முடியும்" என்றார். எதற்கு எடை என்று நான் கேட்கவில்லை.

பாக்கெட்டுகளை நானே சேலத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். போனது பாக்கெட் கொடுக்க. இருந்தது மூன்று மணி நேரம்.

குறுகலான சந்து. ஒரே அறை. பாதி அறையைப் பெட்டிகள் அடைத்திருந்தன. பிராப்பர்ட்டி என்று அவர் சொல்லும் சாமான்களில் பாதிக்கு மேல் அவரே செய்தவை. உள்ளூர்த் தச்சரிடம் பலகை இழைத்து, கீல் தேடி அலைந்து, வெல்வெட் ஒட்டி, பூச்சுப் பூசியவை. அவர் மனைவி தரையில் உட்கார்ந்து பட்டுக் கைக்குட்டைகளை இஸ்திரி போட்டு ஒரு குறிப்பிட்ட மாதிரி மடித்துக்கொண்டிருந்தார். மேடையில் அவரும் உண்டு. பெட்டிக்குள் படுப்பதும் அவரே. இத்தனை வருஷத்தில் தன் பெயரை மேடையில் சொன்னவர்கள் குறைவு என்று அந்த அம்மாள் சொன்னபோது, அதில் மனக்குறை தொனிக்கவில்லை. கணக்குச் சொல்வதுபோல்தான் சொன்னார். அதைக் குறித்துக்கொண்டேன்.

நாற்பது நிமிஷ ஷோவுக்கு அடுக்க மூன்று மணி நேரம் ஆகும். எந்தப் பையில் எது, எந்த மடிப்பில் எது என்ற வரிசை ஒன்று மாறினாலும் நடுவில் நிறுத்திச் சரிசெய்ய வழியில்லை. அதனால்தான் வந்து இறங்கியதும் பூட்டுகிற மாதிரி ஓர் அறை கேட்கிறார்கள். நாங்கள் அதை உடை மாற்றும் அறை என்று நினைத்து, முந்தின வருஷம் சாக்குக் குடோனைக் காட்டியிருந்தோம்.

பேசிக்கொண்டே இருந்தபோது அவர் வலது கையில் ஒரு ரூபாய் நாணயம் விரல் விரலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் முறுக்குச் சுற்றும் பெண்களின் விரல்கள் நினைவுக்கு வந்தன. அவர்களும் ஊர்க்கதை பேசிக்கொண்டே மாவை முறுக்கிச் சுற்றுகிறார்கள். பேச்சு நிற்பதில்லை, சுற்றும் உடைவதில்லை. புதிதாக வந்தவள் பேச ஆரம்பித்தால் கை நின்றுவிடும். எத்தனை வருஷம் ஆகும் இதற்கு என்று கேட்டேன். "கத்துக்க ஒரு மாசம். கை மறக்காம இருக்க தினம் ஒரு மணி நேரம், சாகுற வரைக்கும்" என்றார்.

செப்பிடு வித்தை என்று நம் பழைய சொல் ஒன்று உண்டு. செப்பு என்றால் சிமிழ். சிமிழுக்குள் பந்தை மறைத்து எடுக்கும் கைத்திறனின் பெயரே எல்லா மாய வித்தைக்கும் பெயராகிவிட்டது. அந்தச் செப்பையும் பந்தையும் கொண்டு 1810-களில் லண்டன் போன இந்திய வித்தைக்காரர்களில் ஒருவர் ராமோ சாமி. ராமசாமி என்ற பெயர் அங்கே அப்படி ஆனது என்பார்கள். பல்லாண்டு அங்கே புகழோடு வாழ்ந்தார். லண்டனில் பார்த்த இந்திய வித்தைக்காரர்களின் கைத்திறனைப் பற்றி வில்லியம் ஹாஸ்லிட் எழுதிய கட்டுரை 1821-இல் நூலில் வந்தது. தன் எழுத்தைவிட அந்தக் கைகளின் வேலை பிழையற்றது என்று அந்தப் பெரிய எழுத்தாளர் மனம் திறந்து வியந்தார். 1850-இல் ராமோ சாமி இறந்தபோது, அடக்கம் செய்யப் பணமில்லாமல் அவர் மனைவி பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. குறைத்துக் கொடுத்த அந்தத் தொகை எனக்கு ஞாபகம் வந்தது.

நேரத்தைப் பற்றிப் பெரியவர் மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்காரின் கதையைச் சொன்னார். 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அந்தப் பெண் எழுந்திருக்கும் முன்பே நேரம் முடிந்து நிகழ்ச்சி நின்றது. பெண் செத்துவிட்டாள் என்று பதறிய ஜனங்களின் அழைப்பில் பிபிசி தொலைபேசிகள் திணறின. சர்க்காருக்கு அது பெரும் விளம்பரமாகிப்போனது. "எங்களுக்கு அப்படி ஆகாதுங்க. கடைசி ஐட்டத்தை வெட்டினா மொத்த ஷோவும் போச்சு. நாற்பதுன்னா நாற்பது குடுங்க, முப்பதுன்னா இப்பவே சொல்லுங்க" என்றார்.

ஆயுத பூஜை அன்று பேச்சுகளை ஆறு மணிக்கே வைத்தோம். சாப்பாடு ஷோ முடிந்த பிறகு என்று பந்திக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். காதில் மாட்டும் மைக் சேலத்திலிருந்து வாடகைக்கு வந்தது. கோட்டுக்கு வெளியே நிற்க இரண்டு பேரைப் போட்டேன். முந்தின வருஷம் கத்திய விருந்தினரிடம் முன்கூட்டியே பேசினேன். மேடைக்கு வந்து பெட்டியைச் சோதிப்பது நீங்கள்தான் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. இது பெரியவர் சொல்லிக் கொடுத்த யோசனை. பெண்களை மேடைக்குக் கூப்பிட்டுக் கேலி செய்யும் ஐட்டம் வேண்டாம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். "அது என்கிட்ட இல்லவே இல்லைங்க" என்றார்.

ஆறே முக்காலுக்கு விளக்கு எரிந்தது. கயிறு வெட்டிச் சேர்ந்தது, வளையம் வளையத்துக்குள் நுழைந்தது. ஒடிசாப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், அவன் காதிலிருந்தும் முழங்கையிலிருந்தும் நாணயமாக எடுத்துத் தகரக் குவளையில் போட்டார். ஒவ்வொன்றும் விழும் சத்தத்துக்குக் களம் முழுக்கச் சிரித்தது. எட்டு மாதமாக எங்கள் ஆலையில் வேலை செய்யும் அந்தப் பையன் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். கடைசியில் காலிப் பெட்டியைத் திருப்பிக் காட்டி மூடித் திறந்தார். பாக்கெட் பாக்கெட்டாக வந்துகொண்டே இருந்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார். கிழங்கு உரிக்கும் பெண்கள் எண்ணிக்கொண்டே வந்தார்கள், பத்துக்கு மேல் எண்ணினார்கள். நாங்கள் கொடுத்தது பத்துதான்.

அந்த அம்மாளின் பெயரை மேடையில் நானே சொல்லி மாலை போட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு வயதான ஒரு பெண், பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையருகே வந்தார். பையனுக்கு ராத்திரியில் பயம் வருகிறதாம். "சாமி, உங்க கையால கொஞ்சம் துண்ணூறு போட்டு விடுங்க."

கையிலிருந்து திருநீறு வரவழைப்பது எந்த மேஜிக்காரருக்கும் எளிது. கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் மறைந்த பி. பிரேமானந்த் ஊர் ஊராகப் போய் அதையே செய்து காட்டி, இதில் அற்புதம் எதுவும் இல்லை என்று விளக்கினார். பெரியவர் கை கழுவிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நான் சாமி இல்லைங்கம்மா, வேலைக்காரன். நீங்க கிழங்கு உரிக்கிற மாதிரி இது என் கைவேலை. பையனை நாளைக்கு ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று சொல்லி, பையன் உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்து அதை மறைக்கக் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கு முழுவதும் அவர் தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னது அந்தக் குழந்தையிடம் மட்டும்தான்.

அந்தப் பெரியவருக்கு மீதித் தொகையை, பேசியபடியே, அவர் பெட்டிகளை அடுக்கும் முன் கொடுத்தேன். மறுநாள் காலையில் முந்தின வருஷத்து இளைஞருக்குக் குறைத்த பணத்தை அனுப்பி, மன்னிப்பும் கேட்டேன்.

உங்கள் ஆலையிலோ கம்பெனியிலோ இப்படி ஒருவரை அழைக்கப் போகிறீர்கள் என்றால், விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அவரை வரவழைத்து இடத்தைக் காட்டுங்கள். பஸ் செலவைக் கொடுங்கள். அவர் கோடு போடச் சொல்கிற இடத்தில் போடுங்கள்.