கோளி மரங்கள்: ஏட்டிலும் தாளிலும்

'அத்தி பூத்தாற்போல' என்பது நம் மக்கள் வழக்கு. நெடுநாள் காணாதவரைக் கண்டவிடத்து இவ்வாறு கூறி மகிழ்கிறோம். அத்தி பூப்பதே இல்லை என்பதன்று இதன் பொருள். அதன் பூவைக் கண்டவர் அரியர் என்பதே பொருள். இங்ஙனம் பூ வெளிப்படாமற் காய்க்கும் மரங்களைப் பழந்தமிழர் 'கோளி' என்றனர். கோளி மரங்களுள் பலா மேம்பட்டு விளங்குவதுபோல் நகரங்களுள் கச்சி மேம்பட்டது எனப் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார்.

இப்பகுதியை நடத்துங்கால் மாணவர் வினவுவது ஒன்றுண்டு: "பலாவுக்கும் ஆலுக்கும் என்ன உறவு, ஐயா?" பூவாமற் காய்ப்பது என்னும் உரையோடு அவர்கள் அமைவதில்லை. விடை நாடித் தாவரவியல் துறைக்குச் சென்றேன். ஹெர்பேரியம் எனப்படும் உலர் தாவரத் தொகுப்பை அங்குள்ள நண்பர் திறந்து காட்டினார்.

செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்திய கிளைகள், ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உடைய தடித்த தாள்களில் ஒட்டப்பெற்றிருந்தன. தாளின் மூலையில் ஒரு சீட்டு. தாவரத்தின் பெயர், குடும்பம், வட்டாரப் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இச்சீட்டு இல்லையேல் தாளில் இருப்பது வெறுஞ்சருகே.

அத்தியின் தாளில் காய் ஒன்று நெடுக்காக இரண்டாகப் பிளந்து வைக்கப்பட்டிருந்தது. உருப்பெருக்கியால் நோக்கினேன். உட்சுவர் முழுதும் நுண்ணிய பூக்கள்! நாம் காய் என்பது பூக்களை உள்ளடக்கிய பேழையே. அதன் நுனித் துளைவழி நுழையும் சிறு குளவி மகரந்தம் சேர்க்கிறது. பலாவின் முழுக்கனி தாளில் அடங்காது. ஆதலின் அதன் இளங்கொத்து உலர்த்தப்பட்டிருந்தது. அதிலும் சிறு பூக்கள் செறிந்திருந்தன. பால் வடிதலும் பூக்கள் நுண்ணியவாய்ச் செறிதலும் இம்மரங்களுக்குப் பொது. ஆல், அரசு, அத்தி, பலா ஆகிய நான்கையும் அறிவியலார் மல்பெரிக் குடும்பமாகிய மோரேசியில் சேர்க்கின்றனர். புலவர் புறத்தோற்றத்தால் கண்ட உறவை அவர்கள் பூவின் அமைப்பால் கண்டனர்.

திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயம் 'அத்தீன்'. அத்தி என்பது அதன் பொருள். நோன்புக் காலத்தில் நம் இல்லங்களில் உண்ணும் உலர்ந்த அத்திப்பழம் சீமை அத்தியின் கனி. அதன் இலை கைவிரல்போல் பிளவுபட்டது. நம் ஆற்றங்கரை அத்தியோ பிளவற்ற இலையுடையது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது. ஒரு சொல்லுக்குள் இரு மரங்கள் நிற்பதை அருகருகே வைத்த இரு தாள்கள் நொடியில் உணர்த்திவிடும்.

சொல்லும் செடியும் ஒருங்கே தேடிய அறிஞர் ஒருவர் உண்டு. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர், தென்னாட்டுத் தாவரங்களைத் திரட்டினார். தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தார். அவ்வகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1836இல் மறைந்த அவர் அதனை முழுமையாகக் காணவில்லை. அவர் திரட்டிய தாவரங்கள் இலண்டன் கியூ தோட்டத்தில் உள்ளன.

நான் கண்ட தாள்கள் பலவற்றில் வட்டாரப் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தமை என் நெஞ்சை உறுத்தியது. இத்தி, இச்சி, கல்லத்தி, கல்லால் என ஊர்தோறும் பெயர்கள் மாறி வழங்குகின்றன. எப்பெயர் எம்மரத்திற்குரியது என்பதை அறிந்தோர் நம் முதியோரே. அவர்கள் மறைந்தபின் அகராதியில் சொல் இருக்கும். காட்டில் மரம் இருக்கும். இரண்டையும் இணைப்பார் இரார்.

மாணவச் செல்வங்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டனாரை அழைத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குச் செல்லுங்கள். அவர் சொல்லும் பெயரை அவர் சொல்லியவாறே எழுதுங்கள். ஊரும் நாளும் குறியுங்கள். சிறு கிளையொன்றை உலர்த்திக் கொணருங்கள். தாவரவியல் துறை அதன் குடும்பத்தைக் கூறட்டும். அச்சீட்டின் வெற்றிடத்தைத் தமிழ்த்துறை நிரப்பட்டும்.