கர்னாத்தாவில் விருந்தினராக

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், சியரா நெவாடா மலையடிவாரத்தில் உள்ள கிரானடா நகரை அரபு நூல்கள் கர்னாத்தா என்று அழைக்கின்றன. பனூ நஸ்ர் வமிசத்தின் கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் 1492 ஜனவரி 2-ஆம் நாள் இந்நகரை பெர்டினாண்டு, இசபெல்லா தம்பதியரிடம் ஒப்படைத்தார். ஐரோப்பாவில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் நம்மவர் சிலர், இப்போது இந்நகரையும் பார்த்துத் திரும்புகின்றனர். அங்கே பணப்பையைக் காப்பதைவிட மனத்தைக் காப்பதே கடினம் என்பேன்.

அல்ஹம்றா மாளிகையின் சுவரெங்கும், வெற்றியாளன் அல்லாஹ் ஒருவனே என்னும் வாசகம் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டுள்ளது. அதைக் காணும் கண் கலங்குவது இயல்பு. ஆயினும் நாம் அங்கு விருந்தினரேயன்றி வாரிசுகள் அல்லர். அருகிலுள்ள குர்துபாவின் பெரிய பள்ளிவாசல் 1236-ஆம் ஆண்டிலிருந்து தேவாலயமாக உள்ளது. முஸ்லிம்கள் அங்குத் தொழ அனுமதியில்லை. 2010-இல் ஆஸ்திரியாவிலிருந்து சென்ற குழுவினர் சிலர் தொழ முற்பட்டதால் காவலர்களுடன் மோதல் ஏற்பட்டு, இருவர் கைதாயினர். தொழுவதற்குப் பூமியெங்கும் இடமிருக்க, பிறர் விதித்த ஒழுங்கை மீறி ஓரிடத்தில் ஸஜ்தா செய்ய வேண்டுமா? அவ்வாறே, ஜனவரி 2-ஆம் நாள் கிரானடாவில் வெற்றி விழாவும், அதனை எதிர்க்கும் கூட்டமும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. பயணிகள் இரண்டிலிருந்தும் விலகி நிற்பதே நலம்.

அல்ஹம்றாவுக்கு முன்கூட்டியே நுழைவுச்சீட்டு வாங்கிவிட வேண்டும். சீட்டில் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். உள்ளிருக்கும் நஸ்ரீ அரண்மனைகளுக்குக் குறித்த நேரத்தில் செல்லாவிடில் அனுமதி கிட்டாது.

பெரிய தேவாலயத்தின் அருகே சில பெண்கள் ரோஸ்மேரிக் கொத்து ஒன்றை நம் கையில் திணிப்பர். வாங்கிவிட்டால், கைரேகை பார்த்துக் குறி சொல்லிப் பணம் கேட்பர். குறி கேட்பது நமக்கு ஆகாது என்பதால் இங்கு மார்க்கமே நம் பணப்பைக்கும் காவல்! கடுஞ்சொல் வேண்டாம், கையை மடக்கிக்கொண்டு நடந்தால் போதும்.

உணவு விஷயத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. இந்நகரில் பானம் ஒன்று கேட்டால், சிறு தட்டில் உணவும் இலவசமாக வரும். அதில் பன்றி இறைச்சி இருப்பது சர்வ சாதாரணம். காய்கறி உணவிலும் கீரை சூப்பிலும்கூட அதன் துண்டுகள் கலந்திருக்கலாம். 'சின் செர்தோ' என்றால் பன்றி இறைச்சி இல்லாமல் என்பது பொருள். அதை முன்னரே சொல்லிவிட வேண்டும். வந்த தட்டை முகஞ்சுளித்துத் தள்ளுவது அவர்களைப் புண்படுத்தும். கால்தெரேரியா என்னும் சந்தில் மொராக்கோ பாணித் தேநீர்க் கடைகள் உள்ளன. பகலுணவு இரண்டு மணிக்குப் பிறகே. பிற்பகலில் சிறு கடைகள் பல மூடிக்கிடக்கும். ஜூன் மாதத்தில் மக்ரிப் இரவு ஒன்பதரை மணிக்கு மேல்தான் வருமாதலால், ஊரின் இரவுணவு நேரமும் நம் தொழுகை நேரமும் ஒன்றையொன்று முட்டும்.

கடைக்குள் நுழைந்ததும் முகமன் கூறுவது அவ்வூர் மரபு. அறிமுகமாகும்போது ஆணும் பெண்ணும் கன்னத்தோடு கன்னம் சேர்ப்பதும் உண்டு. நெஞ்சில் கைவைத்துப் புன்னகைத்தால் புரிந்துகொள்வர். ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் கூம்பு முக்காடிட்டோர் ஊர்வலமாக வருவர். குழந்தைகள் அஞ்சக்கூடும், முன்பே சொல்லிவைக்கலாம். ஊர்வலத்தின் குறுக்கே கடப்பது பெரும் அவமதிப்பாகும்.

பழைய முஸ்லிம் குடியிருப்பான அல்பைசீனின் கல்பாவிய சந்துகள் செங்குத்தானவை. முதியோர் சிறு பேருந்தில் ஏறிச் செல்லலாம். இருட்டியபின் தனியே நடக்க வேண்டாம். அவசர உதவிக்குத் தொலைபேசி எண் 112. உச்சியிலுள்ள சான் நிக்கோலாஸ் முற்றத்தில், மாலை வெயிலில் சிவக்கும் அல்ஹம்றாவை மக்கள் மெய்ம்மறந்து பார்க்கும் வேளையே ஜேப்படிக்காரர்களின் வேளை. அதனருகிலேயே உள்ளது, இஸ்லாத்தைத் தழுவிய ஸ்பானியர் நிலம் வாங்கி, அண்டை வீட்டாரின் ஆட்சேபங்களுக்காக வரைபடத்தை மாற்றி, இருபது ஆண்டுகளுக்கும் மேல் பொறுத்திருந்து 2003-இல் திறந்த பள்ளிவாசல். அதன் தோட்டத்துக்குள் எல்லா மதத்தவரும் வருகின்றனர்; அங்கிருந்தும் அல்ஹம்றா தெரிகிறது.