கள்ளக்குறிச்சி: ஆட்சியரகமும் மலையும்

தமிழ்நாட்டின் 34-ஆவது மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது. பழைய தென்னாற்காட்டிலிருந்து 1993-இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியே இவ்வாறு தனி மாவட்டமாயிற்று. பிரிவினைக்கு நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த காரணம் தொலைவு. விழுப்புரம் ஆட்சியரகத்துக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் என்றால், கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். மனு ஒன்றைக் கொடுத்துவருவதற்கே மலைவாசிக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

இந்த ஆட்சியரகம் எத்தகையது என்பது ஓர் ஒப்பீட்டால் விளங்கும். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் 'கவுண்டி' எனப்படும் நிருவாகப் பகுதிக்கு ஊர் நடுவில் நிற்கும் நீதிமன்றக் கட்டடமே முகம். நிலப்பத்திரமும் வரியும் வழக்கும் பெரும்பாலும் அந்த ஒரே கூரையின்கீழ், மக்கள் வாக்களித்துத் தேர்ந்த அலுவலர்களிடம் இருக்கும். இங்கோ நீதிமன்றம் தனி. வருவாயும் நிருவாக நடுவர் அதிகாரமும் அரசு நியமிக்கும் ஆட்சியரிடம் சேர்ந்திருக்கின்றன. எனினும் ஊரார் அரசை நேரில் காண்பது ஆட்சியரகத்தில் அல்ல, ஆண்டுக்கொருமுறை வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில்தான். ஜமாபந்தி என்பது, ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் 'பசலி' எனும் வருவாய் ஆண்டின் கணக்குகளைக் கிராமவாரியாகத் தணிக்கை செய்யும் முறை. கிராம நிருவாக அலுவலர்கள் பயிர்ப் பதிவேடான அடங்கலையும் பிற பதிவேடுகளையும் கட்டுக்கட்டாக மேசையில் அடுக்க, நில அளவைச் சங்கிலியின் நீளமும் சரிபார்க்கப்பட, வெளியே பந்தலில் பட்டா மாற்றத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுவோடு கூட்டம் காத்திருக்கும்.

சமவெளியில் பழகிப்போன இந்த முறை மலைக்கு மிகவும் பிந்தியே வந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பிரிவான கல்வராயன் மலை, சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களாக ஆளப்பட்டுவந்தது. ஜாகீர் என்பது வரி வாங்கும் உரிமையோடு ஒரு குடும்பத்துக்கு விடப்பட்ட நிலப்பரப்பு. நாடு விடுதலையடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அரசு இம்மலையைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்தது. சாமை, தினை, மரவள்ளி பயிரிட்டும் கடுக்காயும் தேனும் சேகரித்தும் வாழும் இம்மலை மக்கள் பட்டியல் பழங்குடியினரான 'மலையாளி'கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. புதிய மாவட்டத்தோடு கல்வராயன்மலை தனி வட்டமாகி, வெள்ளிமலை அதன் தலைமையிடமானது, காலம் தாழ்ந்த நீதியே ஆனாலும், பிரிவினையால் விளைந்த உருப்படியான பயன்.

மாவட்டத் தலைநகருக்கான கட்டடம் அவ்வளவு எளிதாக அமையவில்லை. வீரசோழபுரத்தில் அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான நிலத்தில் ஆட்சியரகம் கட்ட அரசு முடிவெடுத்தபோது, கோயில் நிலத்தை இவ்வாறு எடுக்கலாமா என்ற வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. நிலப்பதிவுகளைக் காக்கும் அலுவலகமே தன் நிலத்துக்காக வழக்காட நேர்ந்தது.

எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் சேலம் மாவட்டத்தின் ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் அடங்க, இம்மாவட்டத்து உளுந்தூர்பேட்டை விழுப்புரம் தொகுதியில் இருக்கிறது. மலையும் அவ்வாறே பங்கிடப்பட்டுள்ளது: வெள்ளிமலை கள்ளக்குறிச்சிக்கு, கருமந்துறை சேலத்துக்கு. ஆனால் கிழக்குச் சரிவில் இறங்கிக் கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கும் கோமுகியும், சங்கராபுரம் பக்கம் இறங்கும் மணிமுத்தாறும், சேலம் பக்கம் வசிட்டநதியில் சேரும் கரியகோயில் ஆறும் இறுதியில் வெள்ளாற்றில் ஒன்றாகிப் பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கின்றன.