பாதியில் திறந்தால் வீடே இருட்டு

“ஓடிட்டிருக்கும்போது பாதியில கதவத் தொறந்தா வீடே இருட்டாவுது நானா.”

பழைய படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்த மைக்ரோவேவ் ஓவனை மேசைமேல் இறக்கிவிட்டு அந்த அம்மா சொன்னது இதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. கடைக்காரர் பாய் சிரிக்கவில்லை. “இதுக்கு முன்னாடி யாராச்சும் பிரிச்சாங்களா தங்கச்சி?” என்றார். அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார். தெருவில் வயரிங் வேலை பார்க்கும் பையன் இரண்டு தடவை ஃபியூஸ் மாற்றிக் கொடுத்தானாம். இரண்டும் போயிற்றாம். மூன்றாம் தடவை, ‘இனிமே போவாது’ என்று ஏதோ செய்துவிட்டுப் போனானாம். பாயின் முகம் மாறிவிட்டது.

காரைக்காலில் பாரதியார் சாலையை விட்டுப் பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது கடை. பலகையில் இன்னமும் ‘டி.வி., டெக், ரேடியோ’தான். பிக்சர் டியூப் காலம் முடிந்து, பேனல் போனால் டிவியே போயிற்று என்று ஆனபிறகு பாய் இண்டக்ஷன் அடுப்பு, ஓவன் என்று இறங்கியவர். ஒரு காலத்தில் புதுச்சேரிப் பகுதிகளில் விற்பனை வரி குறைவு என்பதால் சுற்றுவட்டாரத் தமிழ்நாட்டுக்காரர்கள் வீட்டுச் சாமான் வாங்க இங்கே வருவார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு அந்த லாபம் போயிற்று. பழக்கத்துக்கு ரிப்பேர் மட்டும் இன்னும் எல்லை தாண்டி வருகிறது.

ஓவனைப் பிரிப்பதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். பாய் பிளக்கைப் பிடுங்கி, அது கண்ணில் படும்படி ஓவன் தலைமேலேயே வைத்தார். பிறகு, “வாங்க, டீ குடிச்சிட்டு வந்துரலாம்” என்று கிளம்பிவிட்டார். சோம்பல் என்று நினைத்தேன். டீக்கடையில்தான் விளங்கியது, வேலை தொடங்கிவிட்டது என்று.

ஓவனுக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சுவரில் வரும் 230 வோல்ட்டை அது சுமார் 2,000 வோல்ட் ஆக்குகிறது. கன்டென்சரும் டயோடும் சேர்ந்து அதை இரட்டிப்பாக்கி, 4,000 வோல்ட் அளவில் மேக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. மேக்னட்ரான் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையாக அதை மாற்றி உள்ளே அனுப்ப, நேற்றைய மீன்குழம்பு கொதிக்கிறது. சிக்கல் அந்தக் கன்டென்சரில். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது 2,800 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். அதை வடியவிட உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது நன்றாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் வடிந்துவிடும். அது அறுந்துபோயிருந்தால்? வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

“டிவியில 25,000 வோல்ட்டு. எத்தன தடவ அடி வாங்கிருக்கேன், தூக்கித்தான் போடும்” என்றார் பாய். “இதுல வோல்ட்டு கம்மி, ஆனா கரண்ட்டு நெறைய. இது தூக்கிப் போடாது, ஆளையே முடிச்சிரும்.” வீட்டில் உயிர்காக்கும் பிரேக்கர் போட்டிருக்கிறதே என்றேன். அது உதவாது என்றார். அவர் சொன்னது சரிதான். டிரான்ஸ்ஃபார்மரின் உயர்வோல்ட் பக்கத்துச் சுற்று வீட்டு லைனோடு சேராதது. அங்கே ஒருவர் உடம்பு வழியாகக் கரண்ட் ஓடினாலும் பிரேக்கருக்குத் தெரியவே தெரியாது. அதனால் ஓட்டத்தில் இருக்கும் ஓவனின் அந்தப் பக்கம் மீட்டரை வைத்துப் பார்ப்பது என்ற பேச்சே இந்தக் கடையில் இல்லை. அளப்பதெல்லாம் செத்த வயரில்தான்.

திரும்பி வந்து மூடியைக் கழற்றினார். ஸ்க்ரூ தலையெல்லாம் உப்புக்காற்றில் பூத்திருந்தது. கடல் பக்கம் என்பதால் இங்கே ஓவன் அடித்தகடுதான் முதலில் போகும். டீ குடித்த நேரம் போதாதென்று, பிளாஸ்டிக் பைப்பில் ரெசிஸ்டர் கட்டிச் செய்த கோலால் கன்டென்சரின் இரண்டு முனைகளையும் இணைத்து, பிறகு ஒவ்வொன்றையும் பாடியோடு இணைத்து எடுத்தார். இடது கை பின்னால் இடுப்பில் இருந்தது. அருகில் நின்ற கடைப் பையனுக்கும் கை பின்னால். பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்குப் பயந்து நிற்பவன் போல இருந்தான்.

ஃபியூஸ் இடத்தில் ஃபியூஸ் இல்லை. வயரிலிருந்து உருவிய செம்புக் கம்பி இரண்டு இழை முறுக்கிக் கிடந்தது.

இனி அந்த ‘இருட்டு’ விஷயம். ஓவன் கதவில் கொக்கி போலத் தெரியும் இரண்டு நாக்குகள், மூடும்போது உள்ளே மூன்று சிறு சுவிட்சுகளைத் தள்ளுகின்றன. இரண்டு சுவிட்சுகளின் வேலை, கதவு திறந்தால் கரண்ட்டை வெட்டுவது. மூன்றாவது ஒரு விசித்திரமான பிறவி. முதல் சுவிட்சு ஒட்டிக்கொண்டு வெட்டாமல் போனால், கதவு திறந்த அந்த நொடியில் இது வேண்டுமென்றே லைனை ஷார்ட் செய்துவிடும். ஃபியூஸ் போகும், ஓவன் நிற்கும். அதாவது அந்த வீட்டில் முதல் இரண்டு தடவை ஃபியூஸ் போனது கோளாறே அல்ல. ஓவன் அவர்களைக் காப்பாற்றியது. மூன்றாவது தடவை செம்புக் கம்பி உருகாமல் நிற்கவே, ஷார்ட் வீட்டின் மெயின் பிரேக்கரான எம்.சி.பி. வரை போய் அதை விழவைத்தது; வீடே இருட்டானது. அந்த எம்.சி.பி.யும் மக்கராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, முதல் சுவிட்சின் முனைகளில் ஊசியை வைத்தார். கதவு மூடியிருக்க, பீப். திறந்தார். அப்போதும் பீப். உள்ளே தகடு பற்றவைத்ததுபோல ஒட்டியிருந்தது. ஸ்டாப் அழுத்தாமல் ஓட்டத்திலேயே கதவைப் படக்கென்று இழுக்கிற பழக்கத்தால் ஒவ்வொரு தடவையும் அங்கே பொறி பறந்து இப்படி ஆகும் என்றார். ஒட்டியது ஒன்றுதான், ஆனால் ஷார்ட் வாங்கிய மூன்றாவது சுவிட்சையும் சரியான ஆம்பியர் ஃபியூஸையும் சேர்த்தே மாற்றினார். “ஒண்ணு போதாதா நானா?” என்று அந்த அம்மா பேரம் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

இதற்கிடையில் பேக்கரி வைத்திருக்கும் ஒரு இளைஞர் வந்தார். கதவுக் கொக்கி உடைந்துவிட்டதாம், ஸ்பேர் வர நாளாகுமாம். “சுவிட்ச டைரக்ட் பண்ணி விட்ருங்க பாய், ரெண்டு நாளைக்கு.” டைரக்ட் என்றால் சுவிட்சை விட்டுவிட்டு வயரை வயரோடு சேர்த்துவிடுவது. மிக்ஸிக்கும் மோட்டாருக்கும் நம் ஊரில் தினம் நடக்கிற வைத்தியம். பாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. “ரெண்டு நாளைக்கு அடுப்புல சுட வைங்க தம்பி.” கதவு திறந்தபடி ஓவன் ஓடினால் முதலில் வேகிறது கண். கண்ணின் லென்ஸில் ரத்தம் ஓடாததால் ஏறிய சூட்டைக் கொண்டுபோக ஆளில்லை. ஓவனிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது என்பது பல நாடுகளிலும் உள்ள அளவு. அதை அளக்கும் கருவி இந்தக் கடையில் கிடையாது. அதனால் கதவு வளைந்த, கீல் ஆடுகிற ஓவனை அவர் தொடுவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

அன்று வந்த மற்றவை சில்லறைக் கேஸ்கள். உள்ளே பொறி பறக்கிறது என்று ஒன்று. குழம்பு தெறித்துக் கருகிய மைக்கா அட்டைதான் காரணம். பெரிய ஷீட்டிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிச் செருகினான் பையன். சூடே ஏறவில்லை என்று இன்னொன்று. சந்தேகம் டயோடின்மேல். அதைச் சாதாரண மீட்டர் எப்போதும் அறுந்தது என்றே காட்டும், ஏனென்றால் அது திறக்கவே சில வோல்ட் வேண்டும். 9 வோல்ட் பேட்டரியைத் தொடரில் சேர்த்துப் பார்த்தார்கள். சவூதியிலிருந்து ஒருவர் கப்பலில் போட்டு அனுப்பிய ஓவன் மூலையில் கிடந்தது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. தட்டு மெதுவாகச் சுற்றும், டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டு சுடும். அதற்கு மருந்தில்லை.

கடையின் கிரில் கம்பியில் ஸ்க்ரூக்களைப் பிடித்துக்கொண்டு கறுப்பு வளையக் காந்தங்கள் ஒட்டியிருந்தன. செத்த மேக்னட்ரான் ஒவ்வொன்றிலும் இரண்டு கிடைக்குமாம். மேக்னட்ரானின் இந்த வடிவம் ராடாருக்காகப் பிறந்தது. 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவானது. போர் முடிந்த 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் அதைக்கொண்டு சமைப்பதற்குக் காப்புரிமை கேட்டார். அவர் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதுதான் அந்த யோசனைக்குக் காரணம் என்று ஒரு கதை உண்டு. காந்தம் எடுப்பதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பீங்கான் பகுதியை உடைக்கக்கூடாது. சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. டிரான்ஸ்ஃபார்மரையும் இவர் காயலான் கடைக்கு முழுசாகப் போடுவதில்லை, உயர்வோல்ட் சுற்றை வெட்டிவிட்டுத்தான் போடுகிறார். ஏனென்றால் மரப்பலகையில் மின்னல் கோலம் வரைகிறேன் என்று இந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்தி அமெரிக்காவில் பலர் செத்திருக்கிறார்கள்.

மூடியைப் பூட்டியபின்தான் பிளக்கைச் செருகினார். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு நிமிஷம். முன்னும் பின்னும் தெர்மாமீட்டர். 11 டிகிரி ஏறியிருந்தது. அதை எழுபதால் பெருக்கினால் 770 வாட். ஓவன் முதுகில் 800 என்று போட்டிருந்தது. “வயசுக்கு இது போதும்.” மறுபடி ஓடவிட்டு, பாதியில் கதவைத் திறந்தார். ஓவன் நின்றது. அந்த அம்மா ஓவனைப் பார்க்கவில்லை, அண்ணாந்து கடையின் டியூப் லைட்டைப் பார்த்தார். அது எரிந்துகொண்டிருந்தது.

பணத்தை வாங்கிக்கொண்டு பாய் அந்தச் செம்புக் கம்பியை ஒரு காகிதத் துண்டில் மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“இத அந்தப் பையன்ட்ட குடுங்க தங்கச்சி. திட்டாதீங்க. ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வரச் சொல்லுங்க.”