வேடந்தாங்கல் போனால் ராத்திரி தங்குங்கள்



டிசம்பர் கடைசியில் நான் போட்ட நாரைப் படங்களைப் பார்த்துவிட்டு, "எங்கே தங்கினீங்க டீச்சர், குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் தட்ட என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் பெண் கார்டிஃபில் இருப்பது பலருக்குத் தெரியும். போன கோடையில் அவர்கள் வேல்ஸ் கிராமம் ஒன்றில் பண்ணை வீட்டில் நான்கு நாள் தங்கினார்கள். ரயடர் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிக்ரின் பண்ணை என்று ஓர் இடம். அங்கே தினமும் மத்தியானம் இறைச்சித் துண்டுகளைப் போட்டதும் பருந்துகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. ஒரு காலத்தில் பிரிட்டன் முழுக்க அழிந்து, வேல்ஸின் நடுப்பகுதியில் மட்டும் மிஞ்சிய பருந்து இனமாம். ஒன்பது வயதுப் பேரன் வீடியோவைக் காட்டிவிட்டு, "இந்தியால இந்த மாதிரி எதுவும் இல்லையா பாட்டி?" என்றான்.

அவனுக்கு இந்தியா என்றால் சேலையூரில் எங்கள் ஃபிளாட், வேளச்சேரியில் மால், நடுவில் ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறான். வந்த நாட்கள் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் என்று ஓடிவிடும். இன்னும் இரண்டு தடவை வந்தால் பதிமூன்று வயது. அப்புறம் பாட்டி கூப்பிட்ட இடத்துக்கு வருவானா என்று எனக்குச் சந்தேகம்தான். அதனால் இந்த முறை இரண்டு நாளை உறவினர் பட்டியலிலிருந்து நானே வெட்டி எடுத்துக்கொண்டேன். (கோபித்துக்கொண்ட நாத்தனாருக்குத் தனியாக அல்வா போய்விட்டது.)

தாம்பரத்திலிருந்து வேடந்தாங்கல் சுமார் 60 கிலோமீட்டர். செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். எல்லோரும் காலையில் போய், பத்து மணி வெயிலில் ஏரிக்கரையில் ஒரு நடை நடந்து, "தூரத்துல வெள்ளையா ஏதோ தெரிஞ்சுது" என்று சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது போனதாகவே கணக்கில்லை. பறவைகள் இரை தேடப் போய்விட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கூட்டுக்குத் திரும்பும். மறுநாள் விடியலில் கிளம்பும். இந்த இரண்டையும் பார்க்க ராத்திரி தங்கியே ஆகவேண்டும்.

தங்க என்ன இருக்கிறது? சரணாலயத்துக்குப் பக்கத்திலேயே வனத்துறை ஓய்வு விடுதி. அறைகள் கொஞ்சம்தான், முன்அனுமதி வாங்காமல் போகாதீர்கள். கிடைக்கவில்லையென்றால் மதுராந்தகத்திலோ மேல்மருவத்தூரிலோ லாட்ஜ் பார்த்துக்கொண்டு விடியற்காலை ஆட்டோ பிடிக்கலாம். முதல் ராத்திரி எங்களுக்கு விடுதி கிடைத்தது. இரண்டாம் ராத்திரி ஒரு லாட்ஜ். பாத்ரூமைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. சாப்பாட்டுக்கு முதல் வேளை புளிசாதமும் சப்பாத்தியும் கையில். மறுநாள் காலை, கிராமத்தில் ஒரு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, அவர்கள் வீட்டுத் திண்ணையில் சுடச்சுட இட்லி. பேரன் ஏழு சாப்பிட்டான். வீட்டில் இரண்டுக்கே அழுவான்.

சாயங்காலம் வாட்ச் டவரில் ஏறிய முதல் அரை மணி நேரம் அவனுக்குப் போர் அடித்தது. அம்மாவின் போனைக் கேட்டான். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்! நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் என்று எட்டுத் திக்கிலிருந்தும் வரிசை வரிசையாக. தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் பச்சை மறைந்து வெள்ளையானது. மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுகள் இரைக்குப் போடும் சத்தம், இன்டர்வெல் மணி அடித்ததும் நம் பள்ளி மைதானத்தில் கேட்குமே, அதேதான். எண்ண ஆரம்பித்தவன் இருநூற்றுப் பத்தில் கைவிட்டான்.

இங்கே பறவைகளுக்கு யாரும் இரை போடுவதில்லை. ஏரி 30 ஹெக்டேர்தான், அவை மேய்வது சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, யாரும் சுடக்கூடாது என்று 1798இல் கவுல் வாங்கினார்கள். சரணாலயம் என்ற சட்டமெல்லாம் அப்புறம் வந்தது. டீக்கடைப் பெரியவர் காரணத்தை ஒரே வரியில் சொன்னார்: "எச்சம் விழுந்த தண்ணிங்க, பயிருக்கு அதுதான் உரம்." இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 2020இல் ஐந்து கிலோமீட்டர் சுற்றெல்லையைக் குறைக்க ஒரு யோசனை வந்தபோது எத்தனை எதிர்ப்பு என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2022இல் பக்கத்துக் கரிக்கிலியோடும் நம்ம பள்ளிக்கரணையோடும் சேர்ந்து ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. கரிக்கிலிக்கும் போனோம். அங்கே வாத்துகள் அதிகம், மனிதர்கள் குறைவு.

மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர். உடையவிருந்த கரையை ராமனும் லட்சுமணனும் வில்லோடு காவல் நின்று காத்ததைப் பார்த்தார் என்று கோயிலில் சொல்கிறார்களே, அந்தக் கலெக்டரும் இதே பிளேஸ் துரைதான்.

உத்திரமேரூரை விட்டுவிடாதீர்கள். அஞ்சாம் வகுப்பில் குடவோலையைக் கரும்பலகையில் படம் போட்டே எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய எழுத்து, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில். தேர்தலில் நிற்க வயது 35க்கு மேல், 70க்குள். எனக்கு 67, ஆனாலும் பெண் என்பதால் இடமில்லை! முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் நிற்க முடியாது, அவன் சொந்தக்காரனும் முடியாது. குடத்திலிருந்து ஓலை எடுப்பது ஒரு சின்னப் பையன். "அந்தப் பையன் நானா இருந்தா ஜாலி" என்றான் பேரன். அப்படித் தேர்ந்தவர்களில் ஒரு குழு ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை.

"நம்ம வீட்டுப் பக்க ஏரிக்கு யாரு வாரியம்?" என்று கேட்டான். சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று நம்மைச் சுற்றி ஏரிக்குக் குறைவில்லை. எல்லாம் கரை சுருங்கி, சாக்கடை கலந்து. சிட்லபாக்கத்துக்காரர்கள் தங்கள் ஏரிக்காகப் பல வருஷம் போராடியதைச் சொன்னேன். "அப்போ அவங்கதான் வாரியமா?" என்றான். ஆமாம் என்றேன். மறுநாள் காலை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சேலையூர் ஏரிக்கரைக்குப் போனான். மூன்று கொக்கு, ஒரு நீர்க்காகம், நிறைய பிளாஸ்டிக். மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

போகிறவர்களுக்கு: சரணாலயம் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. சீசன் நவம்பரிலிருந்து மார்ச். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம் தண்ணீர் இருக்காது, பறவையும் வராது. கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நல்ல பைனாகுலர் வேண்டும், செல்போன் கேமராவில் புள்ளிதான் விழும். ரயிலில் போனால் படாளத்தில் நிற்கும் பாசஞ்சர் பார்த்து ஏறுங்கள். அந்த இட்லி அம்மாவின் வீட்டு அடையாளம் வேண்டுபவர்கள் எனக்குத் தனியாகப் போன் போடுங்கள். முதல் நாளே சொல்லிவிட வேண்டும், மாவு அரைக்கணுமே.