இது ஆரிட்டப் போகும்?

போன மாதம் விதானையார் ஒரு படிவம் தந்தார். வீட்டில் இருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர். ஐந்து நிமிசத்தில் நிரப்பிவிட்டேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "கனடாவில இருக்கிறவன்ர பேரை ஏன் எழுதினனீ? இது ஆரிட்டப் போகும்?" என்று கேட்டா.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அம்மாவுக்குப் பதிவு எண்டால் வேற. யுத்தகாலத்தில் வீட்டு ஆட்களின் விபரம் ஆமிக்குப் போகவேண்டும். குடும்பமாக நின்று எடுத்த படம் வீட்டில் இருக்கவேண்டும். சுற்றிவளைப்பு வந்தால் படத்தில் இருக்கிற தலையையும் முற்றத்தில் நிற்கிற தலையையும் எண்ணுவாங்கள். ஒண்டு கூடினாலும் பிரச்சினை, குறைஞ்சாலும் பிரச்சினை. கொழும்பில் லொட்ஜில் நின்ற மாமா, பொலிஸ் பதிவுத் துண்டை இன்னும் பேர்சுக்குள் வைத்திருக்கிறார். யுத்தம் முடிந்த பிறகும், 2011இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் ஆமி பதிவு எடுத்தபோது, அதை நிறுத்த உயர் நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது.

எங்கட தலைமுறைக்கு 2022இல் பெற்றோல் கியூஆர். அடையாள அட்டை இலக்கம், சேசி இலக்கம் எல்லாம் தட்டிப்போட்டோம். வரிசையில் நின்ற களைப்பில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அதே வருடம்தான் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன் முக்கியமான பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரும் என்றார்கள், பிறகு தள்ளிப்போட்டார்கள். இப்ப விரல் ரேகை, கண், முகம் எல்லாம் எடுத்து டிஜிட்டல் அடையாள அட்டை தரப்போகிறார்களாம்.

நான் அதுக்கு எதிரி இல்லை. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றுக்காக லீவு போட்டு நின்றவனுக்கு அதின்ர அருமை தெரியும். சட்டத்தையும் வாசித்தேன். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், பிழையைத் திருத்தச் சொல்லலாம். நல்லம். ஆனால் தேசியப் பாதுகாப்பு என்று வந்தால் விதிவிலக்கு. எங்கட வீட்டில் தலை எண்ணினதும் அந்தப் பேரிலதான்.

விதானையாரிடம் அம்மாவின் கேள்வியையே கேட்டேன்.

"பிரதேச செயலகத்துக்குத் தம்பி."

"அங்கயிருந்து?"

"எனக்கு அனுப்பச் சொல்லி வந்தது, அனுப்புறன்."

புதுப் படிவம் ஒன்று வாங்கிவந்தேன். அண்ணாவின் பெயரை எழுதவில்லை. அம்மா இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தா.