பாட்டிலில் போன கட்டி

மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலியே இல்லை. அதனால் இரண்டு மாசம் யாரிடமும் மூச்சு விடவில்லை. (அசட்டுத்தனம்தான்!) 2018-ல் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "கட்டியை டெஸ்டுக்கு அனுப்பினீங்களா?"

காரணம் என் அக்கா. 2009-ல் அவளுக்கு எடுத்த கட்டியை, "வெறும் கொழுப்புக் கட்டி" என்று தொட்டுப் பார்த்தே சொல்லி, ஒரு நர்ஸிங் ஹோமில் வாளியில் போட்டு விட்டார்கள். மறு வருஷம் அதே இடத்தில் திரும்ப வந்தது. அடையாறு கான்ஸர் இன்ஸ்டிட்யூட்டுக்கு நாங்கள் ஓடியபோது அக்குள் வரை பரவியிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் பாடுபட்டு 1954-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அக்காவை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

என் கட்டியை ஒரு பாட்டிலில் போட்டு, "லேபில் கொடுத்திடுங்க" என்று இவர் கையில் தந்திருக்கிறார்கள். வழியில் டிபன் கேரியர் எடுக்க மண்ணூர்பேட்டை வீட்டுக்கு வந்தாராம். நல்ல வேளை, நாத்தனார் பெண் வந்திருந்தாள். அவளுக்கு லேபில்தான் வேலை.

"என்ன மாமா, ஃபார்மலின் அடியில ஒட்டிக்கிட்டிருக்கு! கட்டியைப் போல பத்து மடங்காவது வேணும். இல்லேன்னா உள்ளே அழுகிடும்" என்று பதறி, தானே வாங்கிக் கொண்டு ஓடினாள்.

ரிசல்ட்டுக்கு ஐந்து நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஏண்டி இத்தனை நாள்?" என்றேன்.

"அவசரப்பட்டா கெட்டுடும் அத்தை. ஃபார்மலின்ல ஊறணும். அப்புறம் ஸ்பிரிட்ல போட்டு ஈரத்தை எடுத்து, உருக்கின மெழுகுல பதிச்சு, தலைமுடியை விட மெல்லிசாச் சீவி, கண்ணாடியில ஏத்தணும். அப்பவும் ஒண்ணும் தெரியாது, நிறமே இருக்காது. சாயம் போட்டாத்தான் டாக்டர் பார்க்க முடியும்."

சாயம் இரண்டு. ஹெமடாக்ஸிலின் என்பது மெக்ஸிகோ பக்கத்து மரம் ஒன்றின் வைரத்திலிருந்து எடுப்பது. துணிக்கும் அதே சாயம் போட்டிருக்கிறார்கள். அது பிடிக்கப் படிகாரம் வேண்டும் என்றாளே, நம் வீட்டுப் படிகாரம்! உயிரணுவின் கரு அதில் நீலமாகும். மற்றதையெல்லாம் ஈயோஸின் ரோஸாக்கும். புற்றானால் கருக்கள் பெருத்து, கோணல்மாணலாய், அடர்ந்த நிறத்தில் தெரியுமாம்.

ஐந்தாம் நாள் ஃபோன் வந்தது. "ஃபைப்ரோஅடினோமா அத்தை, சாதாரணக் கட்டி!" ரிசீவரைப் பிடித்தபடியே அழுது விட்டேன்.

பிறகு அவள் லேபில் மைக்ராஸ்கோப் வழியாக என்னையும் பார்க்க விட்டாள். ரோஸ் துணியில் கத்தரிப்பூ நிறப் புள்ளிகள். மிச்சக் கட்டி மெழுகில் பத்திரமாக இருக்கிறது. வேறு டாக்டரிடம் காட்ட வேண்டுமானால் கேட்டு வாங்கலாமாம்.

இன்னொன்றும் அன்றுதான் சொன்னாள். பாட்டிலின் மூடியில் மட்டும்தான் என் பேர் இருந்ததாம். "மூடி மாறினா ஆளே மாறிடும் அத்தை" என்றாள். பஸ்ஸில் போகும்போதே பாட்டில் மேலும் எழுதி விட்டாளாம்.